பீர்க்கு ஏன் கசந்தது, தக்காளி ஏன் முளைக்கவில்லை: வீட்டு விதைகளை எடுப்பதும் சோதிப்பதும்

நீங்கள் கேட்டதன் சாரம் இது. போன வருடம் மாடித்தோட்டத்தில் காய்த்த தக்காளி, பீர்க்கு, அவரை மூன்றிலும் விதை எடுத்து வைத்தீர்கள். இந்த ஆடியில் விதைத்தபோது தக்காளியில் பத்துக்கு இரண்டுகூட முளைக்கவில்லை. பீர்க்கு செழித்து வந்தது, ஆனால் காய் வாயில் வைக்க முடியாத கசப்பு. அவரை டப்பாவைத் திறந்தால் பாதிக்கு மேல் ஓட்டையும் மாவும் வண்டும். "வீட்டில் எடுக்கும் விதை என்றாலே இப்படித்தானா? பேசாமல் பாக்கெட் விதையே வாங்கிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரப்பட வேண்டாம். மூன்றிலும் நேர்ந்தது ஒரே கோளாறு இல்லை. தக்காளி விதையில் உயிர் போய்விட்டது. பீர்க்கு விதையில் உயிர் நன்றாகவே இருந்தது, ரகம்தான் கலந்துவிட்டது. அவரையில் உயிரும் ரகமும் சரியாக இருந்தன, பூச்சி புகுந்துவிட்டது. வைகாசியில் ஒரு முளைப்புச் சோதனை செய்திருந்தால் தக்காளியின் கதியும் அவரையின் கதியும் அப்போதே தெரிந்திருக்கும். பீர்க்கின் கசப்பை மட்டும் எந்த முளைப்புச் சோதனையும் காட்டிக்கொடுத்திருக்காது. அதற்கு, போன வருடம் அந்தப் பூ விரிந்த மாலையிலேயே வேலை செய்திருக்க வேண்டும். வீட்டில் விதை எடுப்பவர்கள் பெரும்பாலும் காய் முற்றிய பிறகுதான் விதையைப் பற்றி யோசிக்கிறார்கள். விதையின் குணம் பூவிலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் பீர்க்கிலிருந்தே தொடங்குகிறேன்.

பீர்க்கங்கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு இருக்கும். ஆண் பூக்கள் கொத்தாக வரும், அடியில் வெறும் காம்புதான். மாலை ஐந்து மணியிலிருந்து எட்டு மணிக்குள் பூ விரியும். அந்த நேரத்தில் வரும் பூச்சி எந்தக் கொடியில் அமர்ந்துவிட்டு வந்தது என்று நமக்குத் தெரியாது. நம் ஊரில் வேலியோரங்களில் தானாகப் படரும் பேய்ப்பீர்க்கும் நாம் சமைக்கும் பீர்க்கும் ஒரே இனம். பேய்ப்பீர்க்கின் மகரந்தம் உங்கள் பெண் பூவில் விழுந்தாலும் அந்த வருடத்துக் காய் கசக்காது. காயின் சதை முழுவதும் தாய்க்கொடியின் உடம்பு. உள்ளே இருக்கும் விதை மட்டும்தான் இரண்டு பேருக்கும் பிறந்த பிள்ளை. அதனால்தான் போன வருடம் ருசியாகச் சாப்பிட்ட காயின் விதை இந்த வருடம் கசந்தது. தண்ணீர் பற்றாக்குறையிலும் கடும் வெயிலிலும்கூடக் கொடிக்காய்கள் ஓரளவு கசக்கும். ஒரே மாதிரி தண்ணீர் ஊற்றிய கொடிகளில் ஒன்று மட்டும் முதல் காயிலிருந்தே கசந்தால் குற்றம் விதையில்தான்.

இதில் ருசியைத் தாண்டிய ஒரு விஷயம் உண்டு. அந்தக் கசப்புக்குக் காரணம் குக்கர்பிட்டசின் என்ற நச்சுப்பொருள். சமைத்தாலும் அது போகாது. கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடித்தவர்கள் ரத்த வாந்தி எடுத்து மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகளுக்குப் பிறகு, கசந்தால் குடிக்கவே கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எச்சரித்தது. எனவே வீட்டு விதையில் வந்த சுரை, பீர்க்கு, வெள்ளரி எதுவானாலும், ஒவ்வொரு கொடியின் முதல் காயிலும் நுனியில் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். கசந்தால் காயை மட்டும் எறிந்தால் போதாது, கொடியையே பிடுங்குங்கள். அது நிற்கும் வரை அதன் ஆண் பூக்கள் பக்கத்துக் கொடிகளின் விதையையும் கெடுத்துக்கொண்டே இருக்கும்.

விற்பனைக்கான சான்று பெற்ற கொடிக்காய் விதைக்கு 500 மீட்டர் பயிர் விலகு தூரம் கேட்கிறார்கள், அதாவது அதே இனத்தின் வேறு பயிர் அந்தத் தூரத்துக்குள் இருக்கக் கூடாது. சான்று விதையை உருவாக்கப் பயன்படும் ஆதார விதைக்கு 1,000 மீட்டர். எந்த மாடியிலும் இது நடக்காது. நம்மால் முடிவது கையால் மகரந்தம் சேர்ப்பது. கடினமான வேலை இல்லை. பிற்பகல் நான்கு மணிக்கு முன்பாகக் கொடியைப் பாருங்கள். அன்று மாலை விரியப்போகும் மொட்டின் நுனியில் மஞ்சள் தெரியும். அப்படி ஒரு பெண் மொட்டையும், முடிந்தால் வேறொரு கொடியிலிருந்து இரண்டு ஆண் மொட்டுகளையும் தேர்ந்து, நுனியை நூலால் மெல்லக் கட்டிவிடுங்கள். இருட்டும் நேரத்தில் ஆண் பூவைப் பறித்து இதழ்களைக் கிள்ளிவிட்டு, பெண் பூவின் கட்டை அவிழ்த்து, நடுவில் இருக்கும் சூல்முடியில் மகரந்தம் ஒட்டும்படி தடவுங்கள். உடனே பெண் பூவை மறுபடி கட்டிவிடுங்கள், அல்லது சிறு காகிதப் பையால் மூடிவிடுங்கள். காம்பில் ஒரு நிற நூல் கட்டி அடையாளம் வையுங்கள். மழை பெய்யும் மாலையிலும், கொடி வாடி நிற்கும்போதும் பிஞ்சு நிற்காது. இரண்டு மூன்று பூக்களில் செய்தால் ஒன்றாவது நிற்கும்.

சுரையும் புடலையும் பீர்க்கைப் போல மாலையிலும் முன்னிரவிலும் பூப்பவை. பரங்கி, பாகல், வெள்ளரி, நுரைப்பீர்க்கு ஆகியவை விடியலில் விரிபவை. இவற்றுக்கு முதல் நாள் மாலையே மொட்டைக் கட்டி, காலை ஆறு மணிக்கெல்லாம் வேலையை முடிக்க வேண்டும். பரங்கிப் பூ வெயில் ஏறுவதற்குள் சுருங்கிவிடும். பலர் கேட்கும் சந்தேகம் ஒன்று: பரங்கியும் சாம்பல் பூசணியும் பக்கத்தில் இருந்தால் கலக்குமா? கலக்காது. இரண்டும் வேறு வேறு பேரினம். பாகலும் புடலையும்கூடத் தங்களுக்குள் கலக்காது. ஒரே இனத்தின் இரண்டு ரகங்கள்தான் பிரச்சினை: நீளச் சுரையும் குடுவைச் சுரையும், மிதிபாகலும் பெரும்பாகலும்.

மற்ற காய்களில் இவ்வளவு கவலை வேண்டாம். தட்டைப்பயறு, அவரை, கொத்தவரை, தக்காளி ஆகியவற்றின் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். அவரைப் பூவுக்குக் கருவண்டு வருவதால் சிறிது கலப்பு உண்டு. வீட்டுத் தோட்டத்துக்கு அது பெரிய பாதகமில்லை. கத்தரி, மிளகாய், வெண்டை நடுத்தரம். தன் மகரந்தமே போதும் என்றாலும் தேனீ வந்தால் கலந்துவிடும். சான்று விதைக்கான விலகு தூரத்தைப் பார்த்தாலே இந்த வேறுபாடு புரியும்: தக்காளிக்கு 25 மீட்டர், கத்தரிக்கு 100, மிளகாய்க்கும் வெண்டைக்கும் 200. வெண்டைப் பூ ஒரே நாள்தான் விரிந்திருக்கும். முதல் நாள் மாலை மொட்டின் நுனியை நூலால் கட்டிவிட்டால் அது திறக்காமலே தனக்குள் கருவுற்றுக் காய்க்கும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் பூக்கும் கிளையை மல்துணிப் பையால் மூடி, பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு அடையாள நூல் கட்டுங்கள். பஜ்ஜி மிளகாயும் குடைமிளகாயும் காரமான நாட்டு மிளகாயும் ஒரே இனம் என்பதை மறக்க வேண்டாம்.

சில காய்களில் சமவெளியில் விதை எடுக்க முயல்வதே வீண். கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட் போன்றவை பூக்க நீண்ட குளிர் வேண்டும். முட்டைக்கோஸ் விதை இமாசலப் பிரதேசத்தின் குலு பள்ளத்தாக்கில் உற்பத்தியாவது அதனால்தான். முள்ளங்கியில் நம் சமவெளி ரகங்கள் இங்கேயே பூத்து விதைக்கும், ஆனால் ஒற்றைச் செடியை நம்பாதீர்கள். தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத செடி அது. பத்துப் பதினைந்து செடிகளாவது சேர்ந்து பூக்க வேண்டும்.

எந்தச் செடியில் விதை எடுப்பது என்பதில்தான் அதிகமான வீட்டுத் தோட்டங்கள் வழி தவறுகின்றன. நல்ல காயையெல்லாம் சமைத்துவிட்டு, பறிக்க மறந்து முற்றிப்போன கடைசிக் காயை விதைக்கு விடுகிறோம். அது கிழச்செடியின் காய், சத்துக் குறைந்த விதை. அதைவிடப் பெரிய கேடு கீரையில் நடக்கிறது. தண்டுக்கீரையில் எந்தச் செடி முதலில் பூவெடுக்கிறதோ அதை "சரி, இது விதைக்கு" என்று விட்டுவிடுகிறோம். வருடா வருடம் இப்படிச் செய்தால், இலை தருவதற்கு முன்பே பூத்துவிடும் கீரையை நாமே தேர்ந்து வளர்த்ததாக ஆகும். முதலில் பூப்பதைப் பிடுங்கிச் சமைத்துவிடுங்கள். கடைசி வரை இலை தந்து தாமதமாகப் பூப்பவற்றில்தான் விதை எடுக்க வேண்டும். காய்ச்செடிகளில், விதைக்கென்று ஒன்றிரண்டு செடிகளைப் பூக்கும் பருவத்திலேயே ஒதுக்கிவிடுங்கள். நோயில்லாமல், ரகத்துக்குரிய இலையும் காயும் கொண்டு, வெயிலையும் பூச்சியையும் தாங்கி நிற்கும் செடியாக அது இருக்கட்டும். முதல் ஒன்றிரண்டு காய்களைப் பறித்துச் சாப்பிட்டு ருசி பார்த்துவிட்டு அடுத்த காய்களை முற்ற விடுங்கள். ஒரு காய் முற்றத் தொடங்கினால் வெண்டையும் வெள்ளரியும் புதிதாகப் பிஞ்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், சமையலுக்கும் விதைக்கும் ஒரே செடியை வைத்துக்கொள்ளாதீர்கள்.

நோய் விஷயத்தில் ஒரு நுணுக்கம். வெண்டையில் வரும் மஞ்சள் நரம்புத் தேமல் வெள்ளை ஈயால் பரவுவது, விதை வழியாக வராது. தட்டைப்பயறில் வரும் தேமல் நோய்களில் சில விதைக்குள்ளேயே அடுத்த தலைமுறைக்குப் போகும். அதனால் இலை சுருங்கி, பச்சையும் வெளுப்புமாகத் திட்டுத்திட்டாக மாறிய பயறுச் செடியில் எவ்வளவு நெற்று இருந்தாலும் விதைக்கு எடுக்காதீர்கள்.

எப்போது பறிப்பது? சமைக்கும் பருவத்துக் காயில் இருக்கும் விதை பெரும்பாலும் பிஞ்சு விதை. கத்தரி செடியிலேயே மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாற வேண்டும். வெண்டை காய்ந்து அதன் நீள விளிம்புகளில் கீறல் விட வேண்டும். பீர்க்கும் சுரையும் கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் உள்ளே விதை சத்தம் கேட்க வேண்டும். பாகலும் புடலையும் பழுத்து வெடிப்பதற்கு ஒரு நாள் முன்னால். சந்தையில் வாங்கிய கத்தரி, வெண்டை விதை முளைக்காமல் போவது இதனால்தான். சந்தைத் தக்காளி முளைக்கும், ஆனால் அது பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம். அடுத்த தலைமுறை பல விதமாகப் பிரியும். பாக்கெட்டில் ஹைப்ரிட் என்றோ எஃப் 1 என்றோ போட்டிருந்தால் அதில் விதை எடுக்க வேண்டாம். பி.கே.எம். 1 தக்காளி, அர்கா அனாமிகா வெண்டை போன்ற ரகங்களிலும், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள்ளுக்கத்தரி, ராமநாதபுரம் குண்டு மிளகாய் போன்ற வட்டார ரகங்களிலும் தாராளமாக எடுக்கலாம். சட்டச் சிக்கல் வருமோ என்று தயங்குபவர்களுக்காகச் சொல்கிறேன்: 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் விவசாயி விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பரிமாறவும், விற்கவும்கூட உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை வணிகப் பெயரிட்டு விற்பதற்குத்தான் தடை.

இனி உங்கள் தக்காளிக்கு வருகிறேன். நன்கு பழுத்த பழத்தைக் கீறி, விதையையும் கொழகொழப்பையும் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் பிழிந்து, சிறிது தண்ணீர் சேர்த்து ஒரு நாள் புளிக்க விடுங்கள். விதையைச் சுற்றியுள்ள அந்தப் பசைதான் பழத்துக்குள்ளேயே முளைவிடாமல் தடுத்து வைத்திருப்பது. புளித்தால் அது கரைந்துவிடும். நம் வெப்பத்துக்கு ஒரு நாள் போதும். இரண்டு நாளைத் தாண்டினால் விதை கிண்ணத்திலேயே முளைக்கத் தொடங்கும். பிறகு கழுவி, மிதக்கும் சக்கையையும் பதரையும் வடித்து, அடியில் தங்கியதை எடுத்து நைலான் வலையிலோ தட்டிலோ மெல்லப் பரப்புங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் விதை இந்தக் கட்டம் வரை சரியாகவே வந்திருக்கும் என்று நினைக்கிறேன். பறித்தது ஐப்பசி என்று எழுதியிருக்கிறீர்கள். வடகிழக்குப் பருவமழையில் எடுத்த விதை, காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரத்தோடுதான் இருக்கும். அதைச் சமையலறை அலமாரியில் வைத்தால் ஒன்பது மாதத்தில் உயிர் போய்விடும். விதையின் ஆயுளுக்கு ஹாரிங்டன் என்ற அமெரிக்க விதை அறிவியலாளர் வகுத்த எளிய கணக்கு ஒன்று உண்டு. விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும்; வைக்கும் இடத்தின் வெப்பம் ஐந்து டிகிரி செல்சியஸ் குறைந்தால் மறுபடியும் இரட்டிப்பாகும். இடத்தின் வெப்பத்தை ஃபாரன்ஹீட்டிலும் காற்றின் ஈரப்பதத்தைச் சதவீதத்திலும் எடுத்துக் கூட்டினால் 100-க்குக் கீழே வர வேண்டும். சென்னையில் 86 டிகிரியும் 75 சதவீதமும் இருக்கும் ஒரு சாதாரண நாளில் அந்தக் கூட்டுத்தொகை 161. நன்றாகக் காய வைத்து, காற்றுப் புகாத பாட்டிலில் அடைத்து, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் எளிதாக 100-க்குள் வந்துவிடும். டெல்லியில் உள்ள தேசிய மரபணு வங்கியிலும் இதே தத்துவம்தான். அங்கே உலர்த்திய விதையை மைனஸ் 18 டிகிரியில் வைக்கிறார்கள்.

காய வைப்பதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கும். மொட்டைமாடித் தளத்தில் நேரடியாகப் பரப்பினால் உச்சி வெயிலில் அந்தச் சூடே விதையைக் கொன்றுவிடும். முதல் இரண்டு மூன்று நாள் நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். பிறகு முறத்திலோ துணியிலோ பரப்பி, காலை எட்டு முதல் பதினொன்று வரையும், மாலை மூன்று மணிக்கு மேலும் இளவெயில் காட்டுங்கள். பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை கண்டிப்பாக வேண்டாம். அவரை, தட்டைப்பயறு விதையைக் கல்லால் தட்டினால் சிதற வேண்டும், நசுங்கினால் ஈரம் மிச்சம் இருக்கிறது. பீர்க்கு, பரங்கி விதையை வளைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும். தக்காளி, கத்தரி, மிளகாய் போன்ற சிறு விதைகளுக்கு இந்தச் சோதனை உதவாது. அவற்றைக் காகித உறையில் போட்டு, விதையின் எடைக்குச் சமமான சிலிக்கா ஜெல்லோடு ஒரு பாட்டிலில் பத்து நாள் மூடி வையுங்கள். சிலிக்கா ஜெல் கிடைக்கவில்லையென்றால், வெறும் வாணலியில் சூடு பறக்க வறுத்து, மூடிய பாத்திரத்தில் ஆறவைத்த அரிசியும் ஈரத்தை இழுக்கும்.

இன்னொரு யோசனை. ஆடிப்பட்டத்துச் செடி ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் முற்றுகிறது. தைப்பட்டத்துச் செடி பங்குனி, சித்திரையின் காய்ந்த காற்றில் முற்றும். தக்காளி, வெண்டை, கத்தரிக்கு விதைச்செடியைத் தையில் வைத்துக்கொள்வதுதான் என் பரிந்துரை. மழையில் முற்றிய வெண்டைக் காயைப் பிளந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பூஞ்சண நாற்றம் தெரிந்திருக்கும்.

முளைப்புச் சோதனையை நான் விதை எடுப்பதற்குச் சமமான வேலையாகவே நினைக்கிறேன். ஆனால் பலர் செய்யும் விதம் பயன் தருவதில்லை. முதலில், தண்ணீரில் போட்டுப் பார்ப்பது முளைப்புச் சோதனையே இல்லை. பழத்திலிருந்து விதையைப் பிரிக்கும்போது பதரை நீக்க அது உதவும். காய்ந்த பரங்கி விதையும் சுரை விதையும் தோலுக்குள் காற்று இருப்பதால் உயிரோடு இருக்கும்போதே மிதக்கும். இறந்துபோன பழைய விதை சமர்த்தாக மூழ்கும்.

இரண்டாவது, எண்ணிக்கை. பத்து விதை போட்டு எட்டு முளைத்தால் "80 சதவீதம்" என்று மகிழ்கிறோம். புள்ளியியல் கணக்கில், அந்தப் பாக்கெட்டின் உண்மையான முளைப்புத்திறன் 44 முதல் 97 சதவீதம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஐம்பதுக்கு நாற்பது முளைத்தால் அது 66-க்கும் 90-க்கும் இடையில் என்று சொல்லலாம். நூற்றுக்கு எண்பது என்றால் 71-க்கும் 87-க்கும் இடையில். ஆய்வகத்தில் 400 விதை போடுவது இதற்காகத்தான். தக்காளி, கத்தரி, மிளகாய், கீரையில் நம்மிடம் விதைக்குப் பஞ்சமில்லை, ஐம்பது போடுங்கள். சுரை, பாகல் போல மொத்தமே முப்பது விதைதான் இருக்கிறது என்றால் ஐந்தாறு போட்டு, "உயிர் இருக்கிறதா இல்லையா" என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குச் சதவீதம் சொல்ல வேண்டாம்.

செய்முறை எளிது. பழைய பருத்தித் துணியைக் கொதிநீரில் போட்டு எடுத்து, ஆறியதும் சொட்டாத அளவுக்குப் பிழியுங்கள். பாக்கெட்டில் பெரிய விதையாகப் பொறுக்காமல், கண்ணை மூடி அள்ளியதுபோல் எடுத்து, ஒன்றையொன்று தொடாமல் வரிசையாக வையுங்கள். துணியைத் தளர்வாகச் சுருட்டி, ரகத்தின் பெயரும் தேதியும் எழுதிய சீட்டோடு, மூடியை லேசாகத் திறந்த டப்பாவில் நிற்க வையுங்கள். விதைக்கும் மூச்சு வேண்டும். தண்ணீரில் மிதக்கவிட்டால் அழுகும். தினமும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

எத்தனை நாள் காத்திருப்பது என்பதில் பொறுமை வேண்டும். தட்டைப்பயறும் வெள்ளரியும் எட்டு நாளில் கணக்கை முடித்துவிடும். தக்காளி, கத்தரி, மிளகாய், பாகல், சுரை, பீர்க்கு ஆகியவற்றுக்குப் பதினான்கு நாள் கொடுங்கள். வெண்டையில் தோல் கெட்டியான விதைகள் இருக்கும் என்பதால் ஆய்வகத்திலேயே 21 நாள் வரை பார்க்கிறார்கள். மிளகாயை ஏழாம் நாளில் எறிந்துவிட்டு விதை கெட்டது என்று சொல்பவர்கள் ஏராளம். வேர் நுனி எட்டிப் பார்த்ததையெல்லாம் முளைத்ததாக எண்ணாதீர்கள். நேரான தண்டும் வெள்ளை வேரும் கொண்டு எழுந்ததுதான் கணக்கு. வேர் பழுப்பேறியது, தண்டு திருகியது, நுனி அழுகியது எல்லாம் மண்ணில் போட்டால் வராது. எந்த நாளில் எத்தனை முளைத்தது என்றும் குறித்து வையுங்கள். இரண்டு பாக்கெட்டிலும் 80 சதவீதம் முளைத்தாலும், ஒன்றில் ஐந்தாறு நாளில் ஒன்றாக எழுந்து, மற்றதில் இரண்டு வாரம் இழுத்தால் இரண்டாவது முதுமையடைந்த விதை. அதை இந்த வருடமே விதைத்துப் புது விதை எடுத்துவிட வேண்டும்.

முளைத்த விகிதத்தை ஒப்பிட ஓர் அளவுகோல்: சான்று விதைக்கு இந்தியாவில் வைத்திருக்கும் குறைந்தபட்ச முளைப்புத்திறன் தட்டைப்பயறுக்கு 75 சதவீதம், தக்காளிக்கும் கத்தரிக்கும் 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கும் கொடிக்காய்களுக்கும் 60. அதற்குக் கீழே போனாலும் வீட்டுக்குப் பயன்படும், அடர்த்தியாக விதைத்தால் போதும். பத்து நாற்று வேண்டும், முளைப்பு 50 சதவீதம் என்றால் இருபது போதாது. மண்ணில் போகும் சேதாரத்துக்கும் சேர்த்து முப்பது போடுங்கள். துணியில் முளைத்தவற்றையும் வீணாக்காமல் குழித்தட்டில் நட்டுவிடலாம்.

புதிதாக எடுத்த விதையை உடனே சோதித்து ஏமாற வேண்டாம். கத்தரி, பாகல், சாம்பல் பூசணி, கீரை விதைகளுக்குச் சில வாரங்கள் முதல் இரண்டு மூன்று மாதம் வரை விதை உறக்கம் உண்டு, உயிர் இருந்தும் அதுவரை முளைக்காது. ஆடிப்பட்டத்துக்கான சோதனையை வைகாசியில் செய்தால், கெட்டிருந்தாலும் வேறு விதை தேட ஒரு மாதத்துக்கு மேல் கையில் இருக்கும்.

அவரையில் நீங்கள் பார்த்த வண்டு டப்பாவுக்குள் புகுந்ததில்லை. பயறு வண்டு வயலிலேயே, காயும் நெற்றின் மேல் முட்டையிடும். புழு விதைக்குள் துளைத்துப் போய் உங்கள் அலமாரியில் வளர்ந்து வெளிவருகிறது. அதனால் டப்பாவை எவ்வளவு இறுக மூடினாலும் பயனில்லை. சலித்த விறகுச் சாம்பலை விதையின் அளவுக்குச் சமமாகக் கலந்து வைக்கும் பழைய வழக்கம் அர்த்தமுள்ளது. சாம்பல் ஈரத்தை இழுக்கிறது, விதைகளின் இடுக்கை அடைத்து வண்டு நடமாட விடாமல் செய்கிறது. கொடிக்காய் விதையைச் சாண வறட்டியில் பதித்து, அடுப்புப் புகை படும் இடத்தில் வைத்ததும் அன்றைய வீட்டுக்குச் சரியான முறைதான். விறகடுப்பு இல்லாத அடுக்குமாடி வீட்டில் அதே வறட்டி ஈரம் கோத்துப் பூஞ்சணம் பிடிக்கும். இன்றைய வீட்டுக்கு நான் சொல்வது ஃபிரீசர். நன்றாக, மிக நன்றாகக் காய்ந்த விதையைக் காற்றுப் புகாத பாட்டிலில் அடைத்து ஒரு வாரம் ஃபிரீசரில் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். ஈரம் உள்ள விதையை வைத்தால் விதையும் சேர்ந்து சாகும். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். பாட்டில் அறை வெப்பத்துக்கு வரும் வரை ஒரு நாள் அப்படியே விடுங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த விதையின் மேல் நீர் கோத்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்த எல்லா விதை பாட்டிலுக்கும் இது பொருந்தும்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் மூன்றுக்கும் என்ன செய்வது? தக்காளியில் மிச்சமிருக்கும் விதை முழுவதையும் ஈரத்துணியில் போட்டுப் பதினான்கு நாள் பாருங்கள். நான்கைந்து எழுந்தால் அந்த ரகம் கைவிட்டுப் போகவில்லை. அவற்றைக் காயின் அளவைப் பார்க்காமல் விதைக்காகவே வளர்த்து, அவை தரும் விதையைத் தைப்பட்டத்தில் போடுங்கள். பீர்க்கை மூட்டோடு பிடுங்குங்கள். முற்றிய காயை உரக்குழியில் போட வேண்டாம், அங்கிருந்தே முளைத்து வரும். பக்கத்தில் கசக்காத கொடி ஒன்று இருந்தாலும் இந்தப் பருவத்தில் அதில் விதை எடுக்காதீர்கள். கசப்பில்லாத கொடி என்று வருடக்கணக்காகத் தெரிந்த ஒருவரிடம் பத்து விதை கேட்டு வாங்கி, இந்த முறை பூவைக் கட்டிவிடுங்கள். அவரையில் ஓட்டை இல்லாத, மேலே வெள்ளைப் புள்ளியாக முட்டை ஒட்டாத விதைகளைப் பொறுக்கி இன்றே ஊன்றுங்கள். ஆவணி முடிய இன்னும் நாள் இருக்கிறது. கொடி அவரை பகல் பொழுது குறையும்போதுதான் பூக்கும், அதனால் ஆடியில் போட்டவர்களோடு உங்களுடையதும் பூத்துவிடும். பந்தலின் ஒரு பக்கத்துக் காயை மட்டும் பறிக்காமல் விட்டு, மாசி வெயிலில் நெற்று மஞ்சளாகிக் காயத் தொடங்கியதும் வண்டு முட்டையிட இடம் கொடுக்காமல் உடனுக்குடன் பறித்து உரித்துவிடுங்கள்.